அரமும் ஓடுதளமும்: சென்னை ரேஸ் எஞ்சின்களின் கதை

தேனாம்பேட்டை சிக்னலில் இரவு நேரத்தில் பச்சை விழுந்ததும் காதைக் கிழித்துக்கொண்டு பாயும் பைக்கைப் பார்த்து, ரேஸ் வண்டி போகிறது என்று சொல்லாதவர்கள் குறைவு. அண்ணா சாலையில் நடப்பவர்களுக்கும் அந்தச் சாலையைக் காவல் காக்கும் போலீசாருக்கும் எஞ்சினில் கை வைத்த வண்டி என்றாலே தொல்லை பிடித்த வண்டிதான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரேஸுக்காக எஞ்சினைத் திருத்தும் தொழில் இந்த ஊரில் வேர்விட்டது சாலையில் அல்ல. ஒரு பக்கம் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் உதிரிபாகக் கடைகள், ஊருக்கு வடக்கே போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று. இவற்றுக்கு நடுவே அது வளர்ந்தது. கையில் பணம் புரண்டதாலோ வேக வெறி தலைக்கேறியதாலோ பிறந்த தொழில் அல்ல இது. நல்ல வண்டி கிடைக்காத காலத்தின் தட்டுப்பாடு அதைப் பெற்றெடுத்தது, சட்டதிட்டம் உள்ள ஒரு ஓடுதளம் அதை ஆளாக்கியது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வாதம் சரியென்றால், இன்றைய தொல்லைக்கான மருந்தையும் அந்த வரலாற்றிலேயே தேடலாம்.

முதலில் ஊரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அப்போது மவுண்ட் ரோடு என்று அழைக்கப்பட்ட அண்ணா சாலைதான் மெட்ராஸின் மோட்டார் தெரு. சிம்ப்சன், அடிசன் போன்ற பழைய நிறுவனங்கள் அங்கேதான் வாகன வியாபாரத்தை வளர்த்தன. சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு புது உதிரிபாகங்களுக்குப் பேர்போனது. புதுப்பேட்டை பிரித்தெடுத்த பழைய பாகங்களுக்கு. தெற்கே கிண்டியில் 1958-ல் தொடங்கிய தொழிற்பேட்டை லேத், மில்லிங், வார்ப்பு வேலை தெரிந்த சிறு பட்டறைகளை ஓரிடத்தில் சேர்த்தது. செம்பியத்தில் 1949-லேயே இந்தியா பிஸ்டன்ஸ் ஆரம்பிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டுவாக்கில் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்திலிருந்து ராயல் என்ஃபீல்டு புல்லட்டுகளை இறக்குமதி செய்யத் தொடங்கியது. ராணுவத்தின் ஆர்டரைத் தொடர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு ஆரம்பமானது. மவுண்ட் ரோட்டின் நடுவே இருக்கும் தேனாம்பேட்டையிலிருந்து பார்த்தால் பிஸ்டன் வார்ப்பவரும், கிராங்கை அழுத்திச் சேர்ப்பவரும், பழைய கார்புரேட்டர் விற்பவரும் ஒரே ஊர்க்காரர்கள். எஞ்சினைத் திருத்தும் கைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் முதல் பதில் இதுதான்.

ஆனால் கைகள் மட்டும் இருந்தால் ரிப்பேர் தொழில்தான் வளரும். ரேஸ் தொழில் வளர ரேஸ் வேண்டும். அதைக் கொடுத்தது 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர் இந்து சாந்தோக். அவருடைய பேரன் கருண் சாந்தோக் பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போனார். கல்கத்தா செல்லும் ஜி.என்.டி. சாலையில், சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று இருந்தது. விமானங்கள் போனபின் அதை கிளப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மகாராஜாக்கள் வந்தார்கள், தொழிலதிபர்கள் வந்தார்கள், மாற்றி அமைத்த உள்ளூர் வண்டியுடன் சாதாரண ஆட்களும் வந்தார்கள். 1980-களின் கடைசி வரை இந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். விமானம் ஏறி இறங்கப் போட்ட தளம் என்பதால் அங்கே நேர் ஓட்டம் நீளம், திருப்பங்கள் வெடுக்கென்றவை. வளைவுகளில் லாகவம் காட்டி ஜெயிப்பதைவிட நேர் ஓட்டத்தின் முடிவில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். ஆகவே மெட்ராஸ் மெக்கானிக்குகள் முதலில் கற்றது உச்சவேகச் சக்தியைக் கறக்கும் வித்தையை. எந்த ஊரின் தொழிலும் அந்த ஊரின் களத்துக்கு ஏற்பத்தான் அமையும்.

அந்தச் சக்தியை எதிலிருந்து கறப்பது என்பதில்தான் தட்டுப்பாடு குறுக்கே வந்தது. லைசென்ஸ் ராஜ் காலத்தில் இந்திய ஓட்டுநருக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள்: திருவொற்றியூர் புல்லட், 1960-களின் தொடக்கத்திலிருந்து மைசூரில் தயாரான ஜாவா, அதன் வாரிசான யெஸ்டி, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ரேஸுக்கென்றே கட்டிய மோட்டார் சைக்கிளைக் கடையில் வாங்க முடிந்த காலத்தில், இங்கே பால்காரர் ஓட்டும் வண்டியைத்தான் ரேஸ்காரரும் ஓட்ட வேண்டியிருந்தது. புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் விட்டமான போர் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் 180 மி.மீ. தூரம் ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு 5,500 சுற்றிலேயே அதன் சராசரி வேகம் விநாடிக்கு 16.5 மீட்டரைத் தொட்டுவிடும். 50 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள சின்ன எஞ்சின் அதே பிஸ்டன் வேகத்தை எட்டுவதற்குள் ஏறக்குறைய 9,900 சுற்றுக்குப் போயிருக்கும். புல்லட் எஞ்சினை எவ்வளவுதான் இழைத்தாலும் அதன் எலும்பு நீளம் மாறாது. ரேஸ் மெக்கானிக்குகளின் கவனம் மெல்ல மெல்ல இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பக்கம் திரும்பியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இன்னொரு காரணம் செலவு. வால்வு, கேம், ராக்கர் எதுவும் இல்லாத இரண்டு ஸ்ட்ரோக்கில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் போர்ட் எனப்படும் ஓட்டைகளின் வடிவமும் சைலன்சரின் வடிவமும்தான். அதற்கு அரமும் தகடும் போதும்.

இந்த இரண்டு ஸ்ட்ரோக் அறிவு உலகில் பரவிய விதம் விசித்திரமானது. அதன் பிதாமகர் வால்டர் காடன் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்துப் பொறியாளர், அவருக்கும் தட்டுப்பாடுதான் வாய்த்தது. பணமும் நல்ல உலோகமும் போதாத அந்தச் சூழலில், புகை வெளியேறும்போது குழாய்க்குள் எழும் அழுத்த அலையையே எஞ்சினுக்குத் துணையாக வேலை வாங்கலாம் என்று கண்டு, எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற வயிறு பருத்த சைலன்சரை ரேஸுக்கு ஏற்றதாகச் செதுக்கினார். 1961-ல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைசக்தி தந்தது; அதாவது லிட்டருக்கு 200. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பிச் சென்று, அந்த ரகசியங்களை சுசுகியிடம் சேர்த்தார். மறு வருடமே 50 சிசி உலகப் பட்டத்தை டெக்னரும் சுசுகியும் வென்றார்கள். இருபது ஆண்டு கழித்து, 1982-ல் அதே சுசுகி தமிழ்நாட்டின் டிவிஎஸ்ஸுடன் கைகோத்தது. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி 100 சிசி வண்டி வெளிவந்தது. 1985-ல் எஸ்கார்ட்ஸ் வழியாக யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. 98 சிசியில் 11 குதிரைசக்தி. அதற்கு முன் இந்தியச் சாலை கண்ட எந்தச் சின்ன எஞ்சினும் அதற்கு ஈடில்லை. சோழவரத்தில் தேர்ந்த கைகளுக்கு இப்போதுதான் உகந்த உலோகம் கிடைத்தது.

அந்தக் கைகள் என்ன செய்தன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆர்எக்ஸ் 100-ன் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. பிளாக்கைக் கழற்றி, புகைபோகும் போர்ட்டின் மேல் விளிம்பை ஒரே ஒரு மில்லிமீட்டர் அரத்தால் உயர்த்தினால், அந்த வாசல் ஒரு சுற்றில் திறந்திருக்கும் கால அளவு நாலைந்து டிகிரி கூடிவிடும். வேகமாகச் சுற்றும்போது எரிந்த வாயு வெளியேற அந்த நாலு டிகிரி போதும். ஆனால் அதே நாலு டிகிரி குறைந்த சுற்றில் இழுவையைத் தின்றுவிடும். விளிம்பைச் சற்றுக் கூர்மையாக விட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். ஆகவே கடைசியில் எமரி தாளால் மழுக்க வேண்டும். ஹெட்டை லேத்தில் ஏற்றி அரை மில்லிமீட்டர் சீவினால் எரி அறையில் சுமார் ஒரு சிசி இடம் குறையும். கம்ப்ரஷன் ஏறும், கூடவே சூடும் ஏறும். அப்புறம் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றி, முழு த்ராட்டிலில் ஓட்டி, சட்டென எஞ்சினை நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கறுத்திருந்தால் அதிகம், காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் சரி. நாடி பார்க்கும் வைத்தியரைப் போல, தேர்ந்த மெக்கானிக் அந்த நிறத்திலிருந்தே எஞ்சினின் ஆயுளைச் சொல்லிவிடுவார்.

சைலன்சர் இன்னும் நுட்பமானது. 9,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் 150-ல் ஒரு பங்கு. அதில் பாதியைவிடச் சற்று அதிக நேரம், அதாவது சுமார் மூன்றரை மில்லி விநாடி, புகை வாசல் திறந்திருக்கிறது. சூடான புகைக்குள் அழுத்த அலை விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் ஓடும். அலை குழாயின் கடைசிக் கூம்பில் மோதித் திரும்பி, வாசல் மூடுவதற்குச் சற்று முன் வந்து, வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையை உள்ளே தள்ள வேண்டும். கணக்குப் போட்டால் குழாயின் வேலைசெய்யும் நீளம் எண்பது, தொண்ணூறு செண்டிமீட்டர் அளவில் வந்து நிற்கும். சில செண்டிமீட்டர் கூடினால் சக்தி கீழ்ச்சுற்றில் வரும். குறைந்தால் மேல்சுற்றில் வரும். இந்தச் சூத்திரங்கள் ரகசியமல்ல. கார்டன் ஜென்னிங்ஸின் கைநூல் 1973-லேயே அவற்றை அச்சில் போட்டுவிட்டது. ஆனால் சூத்திரத்தைக் கூம்பாக வெட்டி, சுருட்டி, கேஸ் வெல்டிங்கில் ஒட்டுவது தகட்டுப் பட்டறையின் வேலை. அச்சில் கிடைத்த அறிவும் பட்டறையில் கிடைத்த அறிவும் கைகுலுக்காமல் ஒரு ரேஸ் சைலன்சர்கூடப் பிறக்காது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சோழவரம் பணக்காரர்களின் திருவிழாதானே, சாமானியனின் தொழில் வரலாற்றை அதில் தேடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கார் பிரிவைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நியாயமானது. மேல்நாட்டு ரேஸ் காரைக் கொண்டுவர ராஜ்யமோ ஆலையோ தேவைப்பட்டது. ஆனால் அங்கும் கோவையின் எஸ். கரிவரதன் உள்ளூர் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டி, செலவைக் கீழே இறக்கிக் காட்டினார். இரண்டு சக்கரத்தில் நிலைமை இன்னும் வேறு. அங்கே ஓடியவை வீதியில் ஓடும் வண்டிகள். மொபெட்டுக்குக்கூடப் போட்டி நடந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர் வசதியானவராகவே இருந்தாலும், போர்ட்டைத் தேய்த்தவர் பட்டறைக்காரர். வெற்றிக் கோப்பை ஓட்டியவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். கற்றுக்கொண்டது மெக்கானிக்கின் கையிலேயே தங்கியது. அடுத்த வாரம் அதே கைதான் சாதாரண வாடிக்கையாளரின் வண்டியைத் திறந்தது. பணம் இல்லாமல் பந்தயம் நடந்திருக்காது என்பது உண்மை. பணமே எஞ்சினைத் திருத்திவிடவில்லை என்பதும் உண்மை.

இன்னொரு மறுப்பு, இதெல்லாம் மேல்நாட்டானைப் பார்த்துப் போட்ட நகல்தானே என்பது. மூலம் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எஞ்சின் காற்றைக் குடித்து உயிர்வாழ்வது. அந்தக் காற்று ஊருக்கு ஊர் வேறு. 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 35 டிகிரிக் காற்று சுமார் ஆறு சதவீதம் அடர்த்தி குறைந்தது. ஐரோப்பாவில் சரியாக இருந்த ஜெட் இங்கே வேறு கணக்கைக் கேட்கும். அன்றைய இந்திய பம்புகளில் கிடைத்த பெட்ரோல் பெரும்பாலும் 87 ஆக்டேன். கைநூல் சொல்லும் கம்ப்ரஷனை அப்படியே வைத்தால் எஞ்சின் தட்டும், பிஸ்டனில் ஓட்டை விழும். யமஹா ஆர்.டி. 350 இதற்கு இன்னொரு சான்று. வெளிநாட்டில் 39 குதிரைசக்தி தந்த அந்த இரட்டை சிலிண்டர் வண்டி, 1983-ல் ராஜ்தூத் பெயரில் இங்கே வந்தபோது பெட்ரோல் சிக்கனத்துக்காக 30.5 ஆகவும், அடுத்த வடிவத்தில் 27 ஆகவும் குறைக்கப்பட்டிருந்தது. அடைக்கப்பட்டதைத் திறப்பதற்கே எஞ்சினைப் படித்தாக வேண்டும். எங்கே அடைத்தார்கள், ஏன் அடைத்தார்கள், திறந்தால் எது சூடாகும் என்று தெரியாமல் எந்த நகலும் ஒரு சுற்று தாண்டாது. நகலெடுப்பவன் அளவை மட்டும் எடுத்துக்கொள்வான்; இங்கே அளவையே திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தட்டுப்பாடு நீங்கியதும் தொழிலின் முகம் மாறியது. டிவிஎஸ் 1982-லேயே தனக்கென ஒரு ரேஸ் அணியை அமைத்திருந்தது; இந்தியாவின் முதல் தொழிற்சாலை அணி அது. பட்டறையில் அரத்தால் செய்ததை அங்கே அளவுக் கருவிகளோடு செய்தார்கள். ஓடுதளத்தில் தேறியது கொஞ்சம் கொஞ்சமாக ஷோரூமுக்கும் வந்தது. பின்னாளில் அப்பாச்சி வண்டிகளின் ஆர்.டி.ஆர். என்ற மூன்றெழுத்தில் ரேஸ் இடம்பெற்றது வெறும் விளம்பரம் மட்டுமல்ல. கிளப்பும் சோழவரத்தின் இரவல் தளத்தைவிட்டு, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலத்தில் 3.7 கிலோமீட்டர் நீளப் பந்தயத் தடம் அமைத்தது. 1990 முதல் அங்கே ஓட்டம். பன்னிரண்டு வளைவுகள் கொண்ட அந்தத் தடம் வெறும் உச்சவேகத்துக்கு மசியவில்லை. வளைவிலிருந்து வெளியேறும்போது சீராக இழுக்கும் எஞ்சின் வேண்டும் என்றது. அடுத்து புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து இரண்டு ஸ்ட்ரோக்கை வீதியிலிருந்து விரட்டின. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-ல் நின்றது. 2008-ல் வந்த யமஹா ஆர்15, நாலு வால்வு, தண்ணீரால் குளிரும் எஞ்சின், பெட்ரோல் இன்ஜெக்ஷன் என்று ரேஸுக்குப் பாதி தயாராகவே கடைக்கு வந்தது. இனி கேம், வால்வு லிஃப்ட், கம்ப்யூட்டர் மேப் என்று பாடத்திட்டமே புதிது. ரஜினி கிருஷ்ணன் போன்ற சென்னை வீரர்கள் பல தேசியப் பட்டங்களை வென்று, தங்கள் அனுபவத்தைப் பயிற்சிப் பள்ளியாகவும் மாற்றியது இந்தக் காலகட்டத்தில்தான்.

ஆனால் இதே காலத்தில்தான் ஒரே வகை வண்டிப் பந்தயங்களும் பெருகின. எல்லாருக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே வண்டி, எஞ்சினைத் தொடக்கூடாது. செலவு குறைகிறது, இளம் ஓட்டுநரின் திறமை நேராகத் தெரிகிறது என்பது அதன் நன்மை, அதை மறுப்பதற்கில்லை. கைவிட்டுப் போவது மெக்கானிக்கின் பங்கு. ஓட்டுநரை வளர்க்கும் பந்தயம் மட்டுமே மிஞ்சினால் எஞ்சினைப் படிப்பவருக்குக் களம் இருக்காது. களம் இல்லாத தொழில் எங்கே போகும்? தேனாம்பேட்டை சிக்னலுக்குத்தான் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாகத் திருத்தக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பொதுச் சாலையில் பந்தயம் 189-ம் பிரிவின்படி குற்றம். இவை சரியான சட்டங்கள். உண்மையில் நன்றாகத் திருத்திய ரேஸ் எஞ்சினைச் சாலையில் ஓட்டுவதே சிரமம். கீழ்ச்சுற்றில் இழுக்காது, நெரிசலில் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அண்ணா சாலையில் கேட்பதில் பெரும்பகுதி, சைலன்சரின் உள்குழாயைப் பிடுங்கியெறிந்த சத்தம்தான். அது திருத்தமல்ல, சேதம். எக்ஸ்பான்ஷன் சேம்பரின் நீளத்தைக் கணக்கிட்டவருக்கும் உள்குழாயைப் பிடுங்கியவருக்கும் தொழில்முறையில் உறவே இல்லை.

கம்ப்யூட்டர் வந்தபின் இந்தக் கைத்தொழிலுக்கு என்ன வேலை என்பது கடைசி மறுப்பு. மேப்பை எழுதுவது கணினிதான், ஆனால் எந்தச் சுற்றில் எவ்வளவு பெட்ரோல் என்று அதற்குச் சொல்ல வேண்டியவர் எஞ்சினின் சூட்டையும் தட்டலையும் அறிந்தவர். பிளக் நிறம் பார்த்தவர் இன்று சென்சார் எண்ணைப் பார்க்கிறார். கேள்வி மாறவில்லை, கருவிதான் மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் ரேஸ் எனப்படும் நேர்கோட்டுப் போட்டிகளில் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கென்று பிரிவு வைத்தபோது பழைய ஆர்எக்ஸ்கள் புதிய கணக்கோடு அணிவகுத்தன. களம் கிடைத்தால் தொழில் உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 பந்தயம் நடத்த அரசால் முடிந்தது. அந்த அக்கறையில் ஒரு பங்கு இந்தப் பக்கமும் திரும்பட்டும். கிளப்பும் தயாரிப்பு நிறுவனங்களும் எஞ்சினைத் திருத்த அனுமதிக்கும், செலவுக்கு வரம்பு கட்டிய ஒரு பிரிவையாவது ஆண்டுதோறும் நடத்த வேண்டும். மாநகரின் பொறியியல் கல்லூரிகளும் ஐ.டி.ஐ.களும் அதில் அணி சேர்க்க வேண்டும். சோழவரத்தில் வேலை பார்த்த முதிய மெக்கானிக்குகளின் அனுபவத்தை, அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். சாலையில் பிடிபடும் இளைஞனுக்கு அபராதச் சீட்டைக் கொடுக்கும்போது, இருங்காட்டுக்கோட்டைக்கு வழியையும் சேர்த்துச் சொல்லும் நகரமே தன் தொழில் வரலாற்றை அறிந்த நகரம்.